துடுப்பில் கட்டிய துண்டு

முட்டத்துக்கு அப்பால் கடலில் எங்கள் வள்ளத்தின் எஞ்சின் நின்றுவிடுகிறது. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. அலை எங்களைப் பாறைப் பக்கம் தள்ளுகிறது. நான் பயந்துபோய் என் சிவப்புத் துண்டைத் துடுப்பில் கட்டி உயர்த்துகிறேன். வள்ளக்காரர் சேசடிமை சீறுகிறார்.

“எறக்கும் வே! கரையில கண்டா கோயில் மணி அடிச்சு ஊரே கயிறோட வந்திரும். என் வள்ளத்த இன்னைக்கு வரைக்கும் எவனும் கெட்டி இழுத்ததில்ல.”

“பாறை கிட்ட வருதே?”

“வரட்டு.”

துடுப்பைத் தாழ்த்துகிறேன். அவர் எண்ணெய்க் குழாயைக் கழற்றி, வாய் வைத்து உறிஞ்சித் துப்புகிறார். மாட்டிவிட்டு எஞ்சின் கயிற்றை இழுக்கிறார். மறுபடியும் இழுக்கிறார். எஞ்சின் உறுமுகிறது.

அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். இரண்டு வள்ளங்கள் கயிற்றோடு எதிரே வருகின்றன. சேசடிமை வேகத்தைக் குறைக்காமல் அவற்றைச் சுற்றி ஒரு வட்டம் அடிக்கிறார்.

“இப்பத் தூக்கிப் பிடியும் வே, அந்தத் துண்ட!”