தேவாசீர்வாதத்தின் சாட்சிகள்

டீக்கடைக் கமாலுதீன் பாய் டீயை நீட்டினால் தேவாசீர்வாதம் உடனே வாங்க மாட்டார். பக்கத்தில் நிற்கிறவருக்கு முதலில் கொடுக்கச் சொல்வார். அந்த ஆள் இரண்டு வாய் உறிஞ்சி, முகம் மாறாமல் நின்றால்தான் இவர் தம்ளரைத் தொடுவார். "உங்களுக்கு மட்டும் வெசமா கலக்கேன் அண்ணாச்சி?" என்று பாய் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். "வெசம்னு யாரு சொன்னா? நேத்துப் பாலா இருக்கும்னு பாத்தேன்" என்பார் இவர்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் அவருக்கு வேலை. ஸ்டேஷன் பெயரை எழுதினால், எழுதச் சொன்னது யார் என்று துருவ ஆரம்பித்துவிடுவார். அதனால் அதை விட்டுவிடலாம். ஐம்பதை நெருங்குகிற வயது, ஒட்டிய கன்னம், தோளில் எப்போதும் ஒரு துண்டு. வீட்டைப் பூட்டினால் பூட்டில் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் நகருவார். சர்ச்சில் ஜெபம் நடக்கும்போது ஒரு கண்ணைத்தான் மூடுவார். மறு கண் வாசலில் கிடக்கிற செருப்பின்மேல் இருக்கும். அவர் மனைவி இன்பம், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். "இவுக மோட்சத்துக்குப் போனாலும், உள்ள யார் யார் இருக்காகன்னு விசாரிச்சுட்டுத்தான் நுழைவாக" என்று பெண்கள் கூட்டத்திலேயே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

போன ஆடி மாதம் வரை அவர் பாயின்ட்ஸ்மேன். தண்டவாளம் பிரிகிற இடத்தில் வழியை மாற்றிவிட்டு, கைவிளக்கைக் காட்டி ரயிலை உள்ளே விடுகிற வேலை. அந்த வேலைக்குச் சந்தேகம் நல்ல குணம். மாற்றிய பாயின்டைத் தானே நம்பாமல், குனிந்து கையால் தடவிப் பார்ப்பார். அவர் காலத்தில் ஒரு சக்கரம் தடம் புரண்டதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர்கள் வருவார்கள், போவார்கள்; பாயின்டில் தேவாசீர்வாதம் நின்றால் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

ஆடியில் மதுரையிலிருந்து ரயில்வே டாக்டர் வந்து எல்லோருக்கும் கண் பரிசோதனை நடத்தினார். இருட்டு அறையில் விளக்கைக் காட்டிக் கலர் கேட்டார். தேவாசீர்வாதம் பச்சையை வெள்ளை என்றார். சிவப்பைப் பச்சை என்றார். அந்த மாதமே உத்தரவு வந்துவிட்டது. ரயில் ஓட்டத்தில் வேலை செய்ய இவர் கண்ணுக்குத் தகுதியில்லை, வெயிட்டிங் ஹால் காவலாளாக மாற்றியிருக்கிறோம் என்று. பாயின்டுக்கு, அதுவரை போர்ட்டராக இருந்த கண்ணுச்சாமி போனான்.

இதில் தேவாசீர்வாதத்துக்கு எல்லாமே விளங்கிவிட்டது. டாக்டர் அன்று சாப்பிட்டது ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில். கோழிக்குழம்பு வாசம் பிளாட்பாரம் வரை வந்தது. அந்த வாரம் கண்ணுச்சாமி வீட்டுச் சேவல் கூவவில்லை. "கோழி சும்மா சாகுமா பாய்? என் வேலைக்குத்தான் செத்துருக்கு" என்று டீக்கடையில் தீர்ப்பே எழுதிவிட்டார். சேவலை நரி பிடித்ததாகக் கண்ணுச்சாமி சொன்னான். நரி ஸ்டேஷன் மாஸ்டர் ஏவிவிட்ட நரியாக இருக்கலாம் என்று பாய் சொன்னதை, இவர் கேலி என்றே எடுத்துக்கொள்ளவில்லை.

வெயிட்டிங் ஹாலில் பெஞ்சைத் துடைக்க வேண்டும், நாயை விரட்ட வேண்டும், பானையில் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். முன்பு எக்ஸ்பிரஸ் டிரைவரே இவர் கைவிளக்கைப் பார்த்துத்தான் நகருவார். இப்போது சந்தைக்குப் போகிறவன் "ஏ தண்ணி" என்கிறான். ரயில் வரும் நேரமெல்லாம் கை தானாக விளக்கைத் தேடும். பாயின்டுக்குத் திரும்பாவிட்டால் தான் ஆளே இல்லை என்று நினைத்தார்.

விருதுநகர் ரயில்வே யூனியன் செயலாளர் சீனிவாசகம் விடவில்லை. இத்தனை வருசம் பிசகாத கண் ஒரே நாளில் கெட்டுவிடுமா, இருட்டு அறையில் எதற்கு, தண்டவாளத்தில் வைத்துச் சோதியுங்கள், தவறினாலும் சம்பளக் கிரேடைக் குறைக்கக் கூடாது என்று மேலிடத்தோடு மல்லுக்கு நின்றார். இழுத்தடித்துக் கடைசியில் மறுபரிசோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள். தேவாசீர்வாதம் அதற்கும் மகிழவில்லை. "மேலதிகாரியப் பாத்துட்டு வெளிய வரும்போது சீனிவாசகம் சிரிச்சுக்கிட்டே வாறாரு. சண்டைக்குப் போனவன் எதுக்குச் சிரிக்கணும்?"

யாரையும் நம்ப முடியாது என்றாகிவிட்டதால் தன் கண்ணைத் தானே சோதித்துக்கொள்ளத் தீர்மானித்தார். பட்டாசு சீசன். சிவகாசிக்குப் போய் இரண்டு கலர் மத்தாப்புத் தீப்பெட்டி வாங்கி வந்தார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டிலும் ஒவ்வொரு குச்சி உரசினார். இரண்டும் ஒரே மாதிரி எரிந்தன. மறுநாளே கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். "ரெண்டு பெட்டியிலயும் ஒரே மருந்தத் தொட்டு ஊரை ஏமாத்துதீகளா?" கடைக்காரர் அங்கேயே உரசிக் காட்டினார். "இந்தா சிவப்பு, இந்தா பச்சை. சின்னப் புள்ளைக்கும் தெரியுமே அண்ணாச்சி!" வியாபாரி தன் சரக்கை விட்டுக்கொடுப்பானா? இவர் சாட்சி தேடக் கிளம்பிவிட்டார்.

போலீஸ்காரர் விசாரிப்பதுபோல ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான். சிவப்புக் குச்சி இடது பையில், பச்சைக் குச்சி வலது பையில். அடுப்படியில் இன்பத்தின் முன் உரசினார். "சிவப்பு. இது பச்சை. சோறு வடிக்கிற நேரத்துல என்ன வெளாட்டு?" என்றார் இன்பம். இன்பமும் ஸ்டேஷன் மாஸ்டர் மனைவியும் ஒரே பாடகர் குழு. அந்தச் சாட்சி செல்லாது. டீக்கடைக்குப் பின்னால் பாயும் தயங்காமல் சரியாகச் சொன்னார். பாயிடம்தான் ஸ்டேஷன் மாஸ்டர் டீ குடிக்கிறார்; அதுவும் செல்லாது. கடைசியில் வெயிட்டிங் ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு காரியாபட்டிக்காரியின் எதிரில் போய் நின்று, முதலில் வலது பைக் குச்சியை உரசினார். "பச்சை" என்றாள் அவள். அடுத்ததற்குச் "சிவப்பு" என்றாள். சொல்லிவிட்டு, இந்த ஆள் எதற்கு நெருப்போடு அலைகிறான் என்று மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இன்பமும் பாயும் கடைக்காரரும் பேசி வைத்துக்கொண்டு பொய் சொல்லலாம். காரியாபட்டிக்காரி எப்படி வந்து சேர்ந்தாள்?

மறுபரிசோதனை நாள் வந்தது. பொழுது சாய்கிற நேரம். தண்ணீர்த் தொட்டி ஓரமாக இவரை ஒதுக்கிக் கூட்டிப்போய் சீனிவாசகம் காதில் சொன்னார்: "வெளக்கு காட்டப்போறது கண்ணுச்சாமி. சிவப்புன்னா தலைக்கு மேல தூக்குவான். பச்சைன்னா இடுப்போட வச்சுக்கிடுவான். பாத்துச் சொல்லிருங்க."

"அவனா? என் எடத்துல நிக்கிறவனா? மாத்திக் காட்டி என்னையக் கவுத்துருவான்!"

"அவன்தான் அண்ணாச்சி வந்து கேட்டான். நீங்க பெஞ்சு தொடைக்கிறத அவனால பாக்க முடியலையாம்."

தேவாசீர்வாதம் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். கண்ணுச்சாமி காட்டுவதற்கு நேர்மாறாகச் சொல்வது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் பிளாட்பாரத்தில் போய் நின்றார்.

டாக்டர் கை காட்டினார். தூரத்தில் விளக்கு மேலே போனது. இவர் 'பச்சை' என்று சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் கவனித்தார்: கண்ணுச்சாமி சரளைக் கல்லின்மேல் நுனிக்காலில் எக்கி நின்றுகொண்டிருந்தான், இவருக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று. ஏமாற்றுகிறவன் எதற்கு நுனிக்காலில் நிற்கிறான்?

"சிவப்புங்க அய்யா."

"சரி" என்றார் டாக்டர். விளக்கு இடுப்புக்கு இறங்கியது. "பச்சை." அதுவும் சரி. மறுபடி மேலே, மறுபடியும் சரி. சீனிவாசகத்தின் முகம் மலர்ந்துவிட்டது. தேவாசீர்வாதத்துக்கோ சொல்லச் சொல்லப் பயம் பிடித்தது. கண்ணுச்சாமி காட்டுவது நிசம் என்றால் காரியாபட்டிக்காரி சொன்னதும் நிசம். பொய் சொன்னது ஒருத்தர்தான்; அந்த ஆள் தன் முகத்திலேயே இருக்கிறார்.

பக்கத்து லைனில் சிவகாசிப் பட்டாசு லோடோடு ஒரு வேகன் எஞ்சினுக்குக் காத்து நின்றது. அதன் முதுகில் ஒரு விளக்கு தொங்கியது. சிவப்பாகத்தான் இருக்க வேண்டும், விதி அப்படி. ஆனால் இவருக்கு அது வெறும் வெளிச்சம். இத்தனை வருசமும் தான் பார்த்தது விளக்கை அல்ல, விளக்கு பிடித்த கையைத்தான் என்று அப்போது புரிந்தது. தன் கைவிளக்கில் கலரைத் திருப்பியதும் கண் அல்ல, பழகிய விரல்தான். கையில்லாத விளக்கு வந்தால் யாரைக் கேட்பது?

"எல்லாம் சரியாச் சொல்லுறீங்க. இன்னும் ஒண்ணு போதும்" என்றார் டாக்டர்.

விளக்கு இடுப்போடு நின்றது. பச்சை. தன் பெயரைப்போல அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"தெரியலைங்க அய்யா."

"நல்லாப் பாருங்க" என்றார் பக்கத்தில் நின்ற ஸ்டேஷன் மாஸ்டர் பதறிப்போய்.

"வெளக்கு தெரியுது. கலர் தெரியலை. முந்திச் சொன்னதும் குருட்டாம்போக்குல சொன்னதுதான்."

சீனிவாசகம் தலையில் அடித்துக்கொண்டார். தேவாசீர்வாதம் யார் முகத்தையும் பார்க்காமல் பிளாட்பாரத்தை விட்டு இறங்கி, சரளைக் கல்லில் நடந்து போனார். கண்ணுச்சாமி எதிரே ஓடி வந்தான். "என்ன அண்ணாச்சி இப்பிடிப் பண்ணிட்டீக? நான் சரியாத்தான காட்டுனேன்?"

இவர் விளக்கை அவன் கையிலிருந்து வாங்கினார். கண்ணாடியில் புகை படிந்திருந்தது. தோள் துண்டை எடுத்து ஒரு பக்கத்தை அழுந்தத் துடைத்தார்; திருப்பி மறுபக்கத்தையும் துடைத்தார். பிறகு விளக்கை அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களைக் கைப்பிடிமேல் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.