எல்லாருக்கும் நம்பர் பத்து

போன மாதம் என் தங்கை மகள் அபி என்னைப் பார்த்து, "மாமா, நீங்கள் ஒரு லெகசி பிரான்ட்" என்றாள்.

பாராட்டு என்று நினைத்து இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன். பிறகுதான் விளக்கம் கேட்டேன். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து, இப்போது பழைய பெயரில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் சாமானுக்கு அப்படிச் சொல்வார்களாம். டவுன்ரவுணில் மார்க்கெற்றிங் வேலை பார்க்கிற பிள்ளை... தெரியாமல் சொல்லமாட்டாள்.

என்னை மட்டும் அல்ல, எங்கள் ரீமையே அப்படிச் சொன்னாள். ஊர்ச்சங்கத்தின் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் உதைபந்தாட்ட அணி. மஞ்சள் ஜேர்சி, நீலக் காற்சட்டை. ஏன் மஞ்சள் என்று கேட்கிறீர்களா? எங்கள் வயது யாழ்ப்பாணத்தானிடம் அந்தக் கேள்வியைக் கேட்கலாமா? நாங்கள் பிரேசில். பிறப்பால் அல்ல... விசுவாசத்தால்.

கனடாவுக்கு வந்த புதிதில், வயிறு இருக்கவேண்டிய இடத்தில் இருந்த நாட்களில், கோடைகாலச் சுற்றுப்போட்டிகளில் எங்களைக் கண்டால் மற்றச் சங்கங்கள் நடுங்கும். பிறகு பிரேசிலும் நாங்களும் ஒன்றாகவே தேய்ந்தோம். பிரேசில் கடைசியாகக் கோப்பை தூக்கியபோது அபி தொட்டிலில் கிடந்தாள். நாங்கள் கடைசியாக எப்போது தூக்கினோம் என்பதில் சங்கத்துக்குள் இரண்டு கருத்து உண்டு. சொந்த மண்ணிலேயே பிரேசில் ஏழு கோல் வாங்கிய நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இந்த வருடம் சங்கக் கமிற்றி ஒரு தீர்மானம் போட்டது. இந்த முறையும் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் ரீம் கலைக்கப்படும். பதிலாக 'நடைப்பயிற்சிக் குழு' தொடங்கப்படும். ஞாயிறுதோறும், மில்லிக்கன் பக்கம் ஒரு மோலுக்குள்ளே, கடைகளைச் சுற்றிச் சுற்றி...

எங்கள் கப்ரன் நவம் அண்ணைக்கு அறுபத்திரண்டு வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வாரத்தில் இருப்பது ஒரே நாள்தான், ஞாயிற்றுக்கிழமை. ரூஜிலிருந்து விடியவே காரில் வந்து, நாங்கள் வருவதற்கு முன் கோல் கம்பத்தில் வலை கட்டி வைத்திருப்பார். தீர்மானம் கடிதமாக வந்த அன்று, எங்கள் வீட்டுக்கு வந்து அதை இன்னொரு தரம் வாசித்து, நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"மோலுக்குள்ள நடக்கிறதுக்கோடா நான் இவ்வளவு நாளும் முழங்காலைப் பாதுகாத்தனான்?" என்றார்.

இந்த நேரத்தில்தான் அபி லப்ரொப்பும் கையுமாக உள்ளே வந்தாள்.

"அங்கிள், பிரேசிலைப் பாருங்கோ. தே டோன்ட் வின். ஆனா என்ர ஒஃபிஸில பாதிப் பேரிட்ட அந்த ஜேர்சி இருக்கு. ஒரு பிளேயரின்ர பேரும் தெரியாது. இட்ஸ் எ வைப்."

"வைப்போ? பாங்கில போடுறதோ?" என்று கேட்டார் நவம் அண்ணை.

"இல்லை அங்கிள், அது ஒரு ஃபீலிங்... முதல்ல லுக்கை மாத்துவம். முதுகில பேர், நம்பர் எல்லாம் போட்டு, ப்ரொப்பரா. வெற்றி பிறகு வரட்டும்."

எல்லாருக்கும் ஒன்லைனில் ஒரு படிவம் அனுப்பினாள். இரண்டே கேள்வி. லாஸ்ட் நேம் என்ன? விருப்பமான நம்பர் என்ன?

இதில் பிழை விட என்ன இருக்கிறது? நாங்கள் இரண்டிலும் விட்டோம்.

பிரேசில் பைத்தியத்திடம் நம்பர் கேட்டால் என்ன சொல்லும்? பத்து! களத்தில் நிற்கிற ஏழு பேரும் பத்து. மாற்று ஆட்கள் மூன்று பேரும் பத்து. "அதுதான் உங்கட பிரான்டாக்கும் எண்டு நினைச்சன் மாமா" என்றாள் அபி பிறகு. அவளைக் குறை சொல்ல முடியாது.

லாஸ்ட் நேம் விஷயம் அதைவிட மோசம். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு அந்தக் கட்டத்துக்குள் அப்பாவின் பெயரைத்தானே எழுதி வருகிறோம். கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

போன சனிக்கிழமை காலை, வெக்ஸ்போர்ட்டில் ஒரு பள்ளிக்கூட மைதானம். சுற்றுப்போட்டியின் முதல் ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில் பெட்டியைத் திறந்தோம். பளபளவென்று மஞ்சள். முதுகில் நவம் இல்லை, தேவன் இல்லை, ராசன் இல்லை. சின்னத்துரை, கந்தையா, மரியாம்பிள்ளை, அருணாசலம், மறுபடியும் ஒரு கந்தையா... எல்லாம் பத்து. என்னுடையது கணபதிப்பிள்ளை. இங்கிலீஷில் எழுதியதால் ஒரு கமக்கட்டில் தொடங்கி மற்றக் கமக்கட்டில் முடிந்திருந்தது.

நவம் அண்ணை தன்னுடையதைத் தூக்கிப் பார்த்தார். "எட, உந்த மனிசன் பந்தைக் காலால தொட்டதே இல்லையடா!"

யாருடைய அப்பாதான் தொட்டார்? எங்கள் அப்பாமார் அத்தனை பேரும் பந்தடிக்குப் பரம எதிரிகள். மரியாம்பிள்ளை அங்கிள், மகனுக்குப் புத்தி சொல்லப் பங்குத்தந்தையையே வீட்டுக்குக் கூட்டி வந்தவர். என் அப்பா வாத்தியார். வேறு விளக்கம் தேவையில்லை. அவர்கள் எல்லாரும் ஒன்றாக மஞ்சள் ஜேர்சியில்... நினைக்கவே சிரிப்பு வந்துவிட்டது.

மாற்ற நேரம் இல்லை. எதிரணி களத்துக்கு வந்துவிட்டது. நீலமும் வெள்ளையும் வரி வரியாக, பிரேசிலின் ஜென்ம வைரியின் நிறம். வேறென்ன!

மைக் பிடித்தவருக்கு எங்களைத் தெரியாது. முதுகில் இருந்ததை அப்படியே வாசித்தார்.

"சின்னத்துரை பந்தை எடுத்துக் கந்தையாவிடம் கொடுக்கிறார்... கந்தையா அதை மற்றக் கந்தையாவிடம்... ஐயோ, மரியாம்பிள்ளை விழுந்துவிட்டார்! எழும்புகிறார்... இல்லை, எழும்பவில்லை..."

கரையில் கதிரை போட்டிருந்த அன்ரி ஒருவர் கொத்துரொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார், "மரியாம்பிள்ளை மோசம் போய், செத்தவீடும் முடிஞ்சு கனகாலமெல்லோ?"

எதிரணி ஒரு கோல் போட்டது. எங்கள் கோல், நவம் அண்ணை அடித்த பந்து எதிரணிக்காரரின் முழங்காலில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. கோல் கோல்தான். ஒன்றுக்கு ஒன்று.

அப்போது வந்தது வினை. தேவனும் ராசனும் கூடப்பிறந்த சகோதரர்கள். மூத்தவன் தேவன், நடுவரோடு வாய் காட்டி ஒரு மஞ்சள் அட்டை வாங்கினான். கொஞ்ச நேரத்தில் இளையவன் ராசன் ஒருவரின் சட்டையைப் பிடித்து இழுத்து இன்னொன்று வாங்கினான். கரீபியன் பக்கத்து அம்மா ஒருவர்தான் நடுவர். கொப்பியைப் பார்த்தார். கந்தையா, நம்பர் பத்து, ஏற்கெனவே ஒரு மஞ்சள். எடுத்தார் சிவப்பு!

"அது நான் இல்லை, என் அண்ணன்!" என்று இங்கிலீஷில் கத்தினான் ராசன்.

"அப்படியானால் உங்கள் பெயர்?"

"கந்தையா."

"நம்பர்?"

"பத்து."

அந்த அம்மா கரையைக் காட்டினார். அவரிடம் இதற்குமேல் என்ன நியாயம் கேட்பது?

"கந்தையா வெளியேற்றப்படுகிறார்!" என்றது மைக். "மன்னிக்க வேண்டும்... கந்தையா இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறார்."

பிரேசிலுக்கு என்ன நடந்தது என்று நிபுணர்கள் ரீவியில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எனக்கு அந்த மைதானத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது விளங்கியது. எல்லாருக்கும் பத்து வேண்டும். பின்னுக்கு நின்று மறிக்க ஒருவருக்கும் விருப்பமில்லை. ஆனால் ஜேர்சி? முதல்தரம்!

எப்படியோ ஆறு பேரோடு சமாளித்தோம். ஆட்டம் சமநிலை. பெனால்ரி. அணிக்கு ஐந்து. எதிரணி ஐந்தையும் கோலாக்கிவிட்டது, எங்களில் நான்கு பேர் போட்டுவிட்டார்கள். ஐந்தாவது நான். போட்டால் தப்பலாம். விட்டால் மோல்.

"ஆறுதலா அடி. உன்னை நம்பித்தான் நிக்கிறன்" என்றார் நவம் அண்ணை. நான் பந்தைப் புள்ளியில் வைத்து, ஓடிவந்து அடித்தேன்.

பந்து பள்ளிக்கூடக் கூரையில் இருக்கிறது. இன்னும் எடுக்கவில்லை.

நவம் அண்ணை புல்லில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றினார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கைகுலுக்க வந்த எதிரணிக் கப்ரன் என் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணை, உந்த ஜேர்சி எங்க அடிச்சனீங்கள்? எனக்கும் ஒண்டு வேணும். முருகேசு எண்டு எங்கட அப்பாவின்ர பேர் போடோணும். பந்தடிக்கப் போனா மனிசன் தோலை உரிப்பார்."

நீல வெள்ளை ஜேர்சிக்காரன் மஞ்சள் கேட்கிறான்! அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் கொத்துரொட்டி அன்ரி, மாமனாரின் பெயரில் ஒன்று வேண்டுமாம். அபி லப்ரொப்பைத் திறந்து பெயர் எழுதத் தொடங்கினாள். வரிசையின் கடைசியில் நின்றவரைப் பார்த்தால்... எங்கள் சங்கத் தலைவர்.

"ரீமைக் கலைச்சா உந்த ஜேர்சிக்கு ஒரு மதிப்பும் இராது அங்கிள்" என்றாள் அபி, தலை நிமிராமலே.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி... இருக்கட்டும். விளையாடுங்கோ."

"அப்ப நாளைக்கு வலை கட்டலாமோ?" என்று கேட்டார் நவம் அண்ணை. தலைவர் ஓம் என்றதும் மனிசன் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டார். நானும்தான்.

இரவு நித்திரை வரவில்லை. என் அப்பா ஒன்றைத்தான் ஓயாமல் சொல்லுவார்: "பந்தடிச்சு என்ர பேரைக் கெடுத்துப்போடாத."

நான் கெடுக்கவில்லை அப்பா, சத்தியமாக. ஸ்கோர்ஷீற்றைப் பாருங்கள்... பெனால்ரியை வெளியே அடித்தது கணபதிப்பிள்ளை!