கழுவிய குச்சி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, சிவகாசியில் எங்கள் தெரு அடுப்புகள் எரிவதா அவிவதா என்பதை மதுரையிலிருந்து வருகிற ஓர் அதிகாரி முடிவு செய்தார். இப்போது சொன்னால் என் பேத்தி சிரிக்கிறாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் இருந்தவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் சொந்த நிலம் வைத்திருந்த சம்சாரிகளின் காட்டில் களை வெட்டியவர்கள், கதிர் அறுத்தவர்கள். வருடாவருடம் மழை ஏமாற்றியதில் ஒவ்வொருவராகத் தீப்பெட்டிக் கம்பெனிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். காட்டு வேலை போனதோடு விறகும் போயிற்று. பருத்தி எடுத்த பிறகு நிற்கும் காய்ந்த செடியை, பருத்திமாரை, வேலைக்கு வந்தவளுக்குத்தான் சம்சாரி கொடுப்பார். கம்பெனிக்குப் போகிறவளுக்கு ஏன் கொடுக்கப்போகிறார்? அதனால் கம்பெனிக் கழிவுதான் எங்களுக்கு விறகு.

தீக்குச்சித் தலையில் ஒட்டும் கலவையை நாங்கள் மருந்து என்போம். மருந்து கோணலாக ஒட்டிய குச்சி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட குச்சி, தலை உடைந்த குச்சி எல்லாம் தினமும் கூடை கூடையாகச் சேரும். அவற்றைக் கம்பெனிக்காரர்கள் பின்சுவருக்கு வெளியே கொட்டிவிடுவார்கள். பெண்கள் அள்ளிவந்து, தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு அடுப்பில் வைப்பார்கள். விரல் சுட்டுக்கொள்ளாத பெண் எங்கள் தெருவில் கிடையாது. அதை யாரும் ஒரு காயமாகவே கருதியதில்லை.

ஒரு சித்திரை மாத மத்தியானத்தில் அந்தக் குவியல் தானாகவே பற்றிக்கொண்டது. பக்கத்துச் சம்சாரியின் வைக்கோல் படப்பும், அதனருகே கட்டியிருந்த இரண்டு கன்றுக்குட்டிகளும் கருகிப்போயின. அதன்பிறகுதான் அந்த அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். சுவர் ஓரமாக நடந்து, குனிந்து, குச்சிகளைக் கையில் எடுத்துப் பார்த்து, கடைசியில் சட்டத்தைச் சொன்னார். கழிவுக்கு என்று தனியாகக் குழி வெட்ட வேண்டும். குழியைச் சுற்றி வேலி போட வேண்டும். சனிக்கிழமைதோறும் மேஸ்திரி முன்னால் எரித்துவிட வேண்டும். ஒரு குச்சிகூட வாசலைத் தாண்டக் கூடாது.

பெண்கள் கூடைகளை எடுத்துக்கொண்டு விலகினார்கள். என் அத்தை மட்டும் முன்னால் போனாள்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. மாமா கொழும்புக்குப் போனவர் போனவர்தான். அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். மருந்தில் முக்குவதற்காக மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவதில் அவள் கை வேகத்துக்குக் கம்பெனியில் ஆள் கிடையாது. வாய் அதைவிட வேகம். அன்று நான் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்ததால் எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்தேன்.

“ஐயா, நீங்க படிச்சவுக. குச்சி என்ன பாவம் பண்ணுச்சு? மருந்துதான எரியுது. தண்ணியில ஊறப்போட்டு மருந்தைக் கழுவிட்டா அது வெறும் விறகுதான? அதையும் குழியில போட்டு எரிச்சா எங்க புள்ளைகளுக்கு எதை வச்சுக் காய்ச்சுறது?”

மேஸ்திரி அவளை அதட்டினார். அதிகாரி அவரைக் கையமர்த்தினார். ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஒரு கைப்பிடிக் குச்சியை அதில் போட்டுவிட்டு, அன்று இரவு ஊரிலேயே தங்கினார். மறுநாள் காலை குச்சிகளை எடுத்துக் காயவைத்து, தன் கையாலேயே பெட்டியில் உரசிப் பார்த்தார். ஒன்றும் பற்றவில்லை. பிறகு கம்பெனி வாசல் பலகையில் எழுதவைத்தார். ஒரு பகலும் ஓர் இரவும் ஊறவைத்துக் கழுவிய குச்சியை மட்டும் விறகுக்கு எடுத்துச் செல்லலாம். கழுவிய தண்ணீரை ஆடு மாடு குடிக்காதபடி குழியில்தான் ஊற்ற வேண்டும். தண்ணீரைப் பற்றிக்கூட யோசித்த மனிதர் அவர். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அன்றிலிருந்து அத்தைக்குத் தெருவில் ஒரு தனி மரியாதை. “கவர்மென்டையே பேசி மடக்குனவ” என்றார்கள். அவளும் இல்லை என்று சொல்லவில்லை. கம்பெனிக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டினார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு பழைய நூல்சேலையில் குச்சியை மூட்டையாகக் கட்டித் தொட்டியில் போடுவாள். மறுநாள் எடுத்துக் காலால் மிதித்துப் பிழிந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, அதே சேலையை விரித்து அதன்மேலேயே காயவைப்பாள். அடுத்த முறைக்கும் அதே சேலைதான். சேலை எத்தனை பேரிடம் இருந்தது, முறைக்கு ஒன்று எடுக்க?

கழுவிய குச்சி நன்றாக எரிந்தது. சும்மா குச்சியைவிட ஒரு பங்கு கூடவே எரிந்தது. அதைக்கூட அத்தையின் கைராசி என்றுதான் பேசிக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் அந்தச் சேலை நாளாக நாளாகக் கஞ்சி போட்டதுபோல விறைத்துப்போயிற்று. ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை, பானை இறக்கும் கரித்துணி கந்தலாகிவிட்டது, வேறு துணி பார்த்து எடுத்து வை என்று அம்மா என்னிடம் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். வீட்டில் கிழிக்கக்கூடிய துணி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். ஓரத்தில் ஒரு முழம் கிழித்து அடுப்படியில் வைத்தேன். நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்பில் வாசலில் போய் விளையாடிக்கொண்டிருந்தேன்.

அத்தை கம்பெனிக்குக் கிளம்புகிற அவசரத்தில் கூழ்ப்பானையை இறக்கினாள். துணியின் நுனி நெருப்பில் பட்டிருக்கிறது. துணி எரிந்ததாக அவள் சொன்னதில்லை, வெடித்தது என்றுதான் சொன்னாள். நான் ஓடிவந்தபோது பானை உடைந்து கிடந்தது. அத்தை இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நின்றாள். தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் இருபது நாள் இருந்துவிட்டு வந்தாள். உயிர் பிழைத்தாள். விரல்கள் மடங்கியபடியே ஒட்டிக்கொண்டன. இனி அவளால் குச்சி அடுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. துணியில்தான் கோளாறு என்பதை அவளே கண்டுபிடித்தாள். தண்ணீரில் கரைந்த மருந்து எங்கே போகும்? குழிக்குப் போனது பாதி. மீதி ஒவ்வொரு முறையும் சேலையில் ஏறி, வெயிலில் காய்ந்து, நூல் நூலாக உட்கார்ந்திருந்தது.

விசாரிக்க அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் அத்தை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“ஏட்டி, யாரு கேட்டாலும் மண்ணெண்ணெய் பட்ட துணின்னு சொல்லு. குச்சி கட்டுன சேலைன்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிராத.”

துணியைக் கிழித்த என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று நான் நினைத்தேன். உண்மை தெரிந்தால் கழுவிய குச்சியும் வாசலைத் தாண்டாது, அறுபது வீட்டு அடுப்பு அவிந்துவிடும் என்று அவள் பயந்தது எனக்குப் பிடிபடவில்லை. அதிகாரி பெரியவர்களை விட்டுவிட்டு என்னிடம்தான் கேட்டார். பிள்ளைகள் பொய் சொல்லாது என்று நம்பியிருப்பார் போலும். விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது சிந்தியது, நான்தான் அந்தத் துணியால் துடைத்தேன் என்று அத்தை சொல்லிக்கொடுக்காததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு என் தலையைத் தடவினார். அன்று முழுவதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அத்தை சும்மா இருக்கவில்லை. பார்க்க வந்த ஒவ்வொருத்தியிடமும் சேலையைக் குழியில் போடு, புதுசாகச் சாக்கு வைத்துக்கொள், அதையும் நல்ல தண்ணீரில் அலசு என்று காதோடு காதாகச் சொன்னாள். எங்கள் தெரு முழுவதும் கேட்டுக்கொண்டது. பக்கத்து ஊரான விஸ்வநத்தத்திலிருந்து கம்பெனிக்கு நடந்து வருகிறவர்கள் எங்கள் தெருப்பக்கம் வருவதில்லை. அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்பினாள். ரகசியம் அல்லவா? ஒருத்தி இன்னொருத்தியிடம் பாதியாகச் சொல்ல, அவள் அதிலும் பாதியைச் சொல்லியிருக்கிறாள்.

ஐப்பசியில் விஸ்வநத்தத்துப் பெண் ஒருத்தி, பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பி ஒரு மாதம்கூட ஆகாதவள், அப்படிப்பட்ட துணியால் பானையை இறக்கினாள். உடுத்தியிருந்த சேலையும் சேர்ந்து பற்றிக்கொண்டது. மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

செய்தி வந்த அன்று அத்தை அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் அதிகாரி கம்பெனிக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அம்மா தடுத்தும் கேளாமல், என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். முந்தானையை அவளால் பிடித்துக்கொள்ள முடியாது. நான்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன். நான் கிழித்தது இன்றைக்குத் தெரிந்துவிடும் என்பது ஒன்றுதான் எனக்குப் பயம்.

மேஸ்திரி, கணக்கர், வேலையை விட்டு எழுந்துவந்த பெண்கள் எல்லோர் முன்னிலும் அத்தை சொன்னாள். “ஐயா, அன்னைக்கு மண்ணெண்ணெய் இல்ல. குச்சி கட்டுன சேலை. நாந்தான் கிழிச்சேன், நாந்தான் பொய் சொல்லச் சொன்னேன். புள்ள மேல குத்தமில்ல.”

அதிகாரி முக்காலியில் உட்கார்ந்தார். “தண்ணியைப் பத்தி யோசிச்சேன். துணியைப் பத்தி நானும் யோசிக்கலையேம்மா” என்றார். பிறகு எழுந்துபோய், பலகையிலிருந்த அந்த வரிகளை ஈரத்துணியால் தானே அழித்தார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடி விழாது என்ற நிம்மதியைத் தவிர அன்று எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

தொட்டியை உடைத்தார்கள். சனிக்கிழமைதோறும் குழி எரிந்தது. ஒரு வார விறகு ஒரு மணி நேரத்தில் புகையாகப் போவதை வேலிக்கு வெளியே நின்று பெண்கள் பார்த்தார்கள். “கை போனவளுக்கு எங்க அடுப்பும் அவியணுமாக்கும்” என்று அத்தையின் காதில் விழும்படியே பேசினார்கள். கவர்மென்டை மடக்கினவள் என்று கொண்டாடியவர்கள்தான். செத்தவள் செத்துவிட்டாள், இவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று அம்மாவே அப்பாவிடம் சொன்னாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. குழாயடியில் பிள்ளைகள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கோபம் முழுவதும் எனக்கு அத்தை மேல்தான்.

விறகுக்கு வேறு வழியில்லாமல், அத்தை சம்சாரிகளிடம் கெஞ்சி வாங்கிய, போன வெள்ளாமையில் மிஞ்சிய பருத்திமாரைச் சுமக்க மாலையில் காட்டுக்குப் போவாள். அவளால் கட்ட முடியாது. கட்டித் தலையில் ஏற்றிவிட நானும் போக வேண்டும். திரும்பி வருகையில் தெருப்பிள்ளைகள் எங்களைச் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாது என்று இருபது முப்பது அடி பின்தங்கியே நடப்பேன். அத்தை கொஞ்ச தூரம் போய் நிற்பாள். நானும் நிற்பேன். திரும்பிப் பார்க்கமாட்டாள். தலையில் பாரத்தோடு, மடங்கிய கைகளைத் தொங்கவிட்டபடி அப்படியே நிற்பாள். என் காலடிச் சத்தம் கிட்டே வரவில்லை என்று தெரிந்ததும் மறுபடி நடப்பாள். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நிற்பாள். பாரம் தாங்காமல் நிற்கிறாள் என்றுதான் அந்தக் கார்த்திகை முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.