மூன்று பங்காக ஒரு பிள்ளை

என் மகன் பிறந்த தை மாதத்தில் என் மகளுக்கு ஐந்து வயது. அப்போது நாங்கள் பசியாவரத்தில் இருந்தோம். வாசலில் நின்றால் ஏரிக்கு அந்தப் பக்கம் உலாந்தா என்கிற டச்சு வெள்ளைக்காரர்களின் கோட்டையும் அதன் மேல் பறக்கும் கொடியும் தெரியும். கடலில் கப்பல் வந்து நின்றால் கோட்டையில் பீரங்கி வெடி போடுவார்கள். சத்தம் கேட்டதும் எங்கள் ஆண்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சரக்கு ஏற்றி இறக்கத் தோணிகளோடு கிளம்பிவிடுவார்கள்.

பிள்ளை பெற்ற பிறகு வந்த நாட்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. அவை ஒன்றில் ஒன்று கரைந்து கிடக்கின்றன. ஏரியில் பட்ட வெயில் கூரையின் உட்புறம் ஏறி, ஓலைகளின் மேல் நடுங்கிக்கொண்டே இருக்கும். படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கூரைதான் தண்ணீர், நான் அதன் அடியில் கிடக்கிறேன் என்று தோன்றும். சாயம் சரியாக ஏறவில்லை என்று கோட்டைக்காரர்கள் தள்ளிவிட்ட பூத்துணி ஒன்று எங்களுக்குக் கிடைத்திருந்தது. அதில்தான் தூளி கட்டியிருந்தோம். வெளுத்த சிவப்புப் பூக்கள் இப்படியும் அப்படியும் போய்வரும். பால் ஊறுவதற்காக என் கணவர் கடலோர ஆட்களிடம் கேட்டுப் பால்சுறா வாங்கி வருவார். பக்கத்து வீட்டிலிருந்த என் நாத்தனார் அதைப் பூண்டு போட்டுப் புட்டாக்கித் தருவாள். சாப்பிடுவேன், பால் கொடுப்பேன், கண் அயர்வேன். யாராவது பேசினால் அந்தப் பேச்சு வெகுதூரத்திலிருந்து தண்ணீரின் மேல் மிதந்து வருவது போலிருக்கும்.

அந்த மயக்கத்தில் என் மகளை நான் சரியாகப் பார்க்கவில்லை. வாசல் கம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்து நின்றுகொண்டிருப்பாள். உள்ளே வந்தால் ஆளுக்கொன்று சொல்வோம். "தொடாதே, கையெல்லாம் மண்ணு." "கத்தாதே, தூங்குறான்." அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவள் அழக்கூட இல்லை. சொன்னபடி கேட்டுக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

ஒருநாள் மட்டும் தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"எம்மா, தோணி யாருது?"

"நைனாது."

"வலை?"

"அதுவும் நைனாதுதான்."

"பாப்பா?"

"அம்மாது."

தூளியின் ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு, "உனுக்கு யாரு குடுத்தா?" என்றாள். எனக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. "ஏரி குடுத்துச்சு. போய் வெளையாடு" என்று சொல்லிவிட்டு ஒருக்களித்துப் படுத்தேன்.

பங்குனி பிறந்தபோது ஏரி வற்றி, வெகுதூரம் வரைக்கும் முழங்கால் ஆழம்தான் இருந்தது. ஒரு மத்தியானம் பால் கொடுத்துப் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு, பாயில் சாய்ந்தேன். கண் விழித்தபோது தூளி ஆடாமல் தொங்கியது. காற்றில் லேசாக உப்பியிருந்தது. உள்ளே கனமே இல்லை என்பது கை வைப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

மகளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. வெளியே ஓடினேன். ஊரே வெயிலில் சுருண்டு கிடந்தது. தண்ணீர் மேல் வெள்ளை வெளிச்சம், கண் கூசியது. தூரத்தில் பூநாரைகள் ஒரு மேகம் போலக் கால் நனைய நின்றிருந்தன. அவற்றுக்கு இந்தப் பக்கம், தனியாக, சின்னதாக ஒரு தலை. என் மகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் நெஞ்சோடு எதையோ அணைத்திருந்தாள்.

நான் கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டுக் கையை விட்டுவிடுவாள் என்ற ஒரு நினைப்பு எப்படியோ எனக்குள் இருந்தது. தண்ணீரில் இறங்கினேன். சேறு ஒவ்வொரு காலையும் பிடித்துப் பிடித்து விட்டது. கனவில் ஓடுவது போலத்தான் இருந்தது. கால் நகர்கிறது, தூரம் குறையவில்லை. முகத்துவாரத்துப் பக்கமிருந்து கடல் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்ததைக் கெண்டைக்காலில் உணர்ந்தேன். கொஞ்சம் தள்ளி நாத்தனாரும் இன்னும் இரண்டு பெண்களும் குனிந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எங்களைப் பார்க்கவில்லை.

கிட்டே போனபோது மகளின் குரல் கேட்டது. ஏரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். அண்டை வீட்டில் உப்புக் கேட்பது போலத் தணிவாக, மரியாதையாக.

"இந்த மாதிரிதான். பாத்துக்கோ. இது அம்மாது. எனுக்கு ஒண்ணு குடு."

அப்போதுதான் கோட்டையில் வெடி போட்டார்கள்.

ஏரியே அதிர்ந்தது. பூநாரைகள் அத்தனையும் ஒன்றாக எழும்பின. வானம் இளஞ்சிவப்பாகிச் சுழன்றது. நான் அந்த இடத்திலேயே உறைந்து நின்றேன். அவள் நழுவவிடப்போகிறாள் என்று என் கைகள் காற்றில் நீண்டிருந்தன. அவள் நழுவவிடவில்லை. பிள்ளையின் ஒரு காதைத் தன் நெஞ்சில் அழுத்தி, மறு காதைத் தன் கன்னத்தால் மூடிக்கொண்டாள். தன் கண்களை மட்டும் இறுக்கி மூடியிருந்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்தே அவளுக்கு வெடியென்றால் பயம். சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மடிக்கு ஓடி வருவாள்.

நான் இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துத் தூக்கினேன். பிள்ளை சிணுங்கக்கூட இல்லை. கரைக்கு வந்து அவளைக் கீழே இறக்கிவிட்டதும் முதுகில் ஓர் அடி வைத்தேன். ஏன் அடித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அடித்துவிட்டு நான்தான் அழுதேன்.

நாத்தனார் இறால் பறிக்கூடையோடு ஓடி வந்தாள். "இன்னா அண்ணி, புள்ள தண்ணில நிக்கறது தெரியாம தூங்கிக்கினு இருந்தியா?" என்றாள்.

கப்பல் வேலை முடித்துப் பொழுது சாயும் நேரத்தில் என் கணவர் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் கால் கழுவிவிட்டு வந்து, மகளை எதிரே உட்காரவைத்துக் கேட்டார்.

"ஏரி இன்னா சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல நைனா. வெடிதான் போட்டுது."

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். எங்களில் மீன் பிடித்து வந்தால் கரையில் பங்கு பிரிப்பார்கள். தோணிக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, உழைத்த ஆளுக்கு ஒரு பங்கு. அதற்கென்று அவருக்கு ஒரு குரல் உண்டு. அதே குரலில் பிள்ளையைப் பாயில் மல்லாத்திப் போட்டுப் பிரித்தார்.

"தலையும் வயிறும் உங்கம்மாளுக்கு. வயிறுதானே பால் கேக்குது. கை ரெண்டும் எனுக்கு, நாளைக்குத் தோணி தள்ளணும். கால் ரெண்டும் உனுக்கு."

அவள் சந்தேகத்தோடு பார்த்தாள். "ரெண்டுமா?"

"ரெண்டும். வெரலோட."

"அம்மா கேட்டா?"

"குடுக்காதே. ஒம் பங்கு."

அன்று அவள் அந்தக் கால்களைப் பார்த்த பார்வையை என்னால் சொல்லில் கொண்டுவர முடியவில்லை. குனிந்து ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினாள். பத்து வந்தது. நம்பாமல் மறுபடியும் எண்ணினாள்.

மறுநாளிலிருந்து வீட்டின் நடைமுறையே மாறிவிட்டது. குளிப்பாட்டும்போது முட்டிக்குக் கீழே நான் கை வைக்கக் கூடாது. எண்ணெய் தேய்ப்பது அவள். திருஷ்டிப் பொட்டை நான் கன்னத்தில் வைத்தால், அவள் உள்ளங்காலில் ஒன்று வைப்பாள். நாத்தனார் வந்து கொஞ்சும்போது பாதத்தைக் கிள்ளிவிட்டால், "என்னைக் கேக்காம ஏன் தொட்டே அத்தை?" என்று சண்டைக்குப் போவாள். நான் சமைக்கும்போது தூளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்களோடும் அவள் பேசும் பேச்சு கேட்கும். பூநாரைக்கு ஏன் அவ்வளவு நீளக் கால், கப்பலுக்கு ஏன் காலே இல்லை என்றெல்லாம் அவற்றுக்கு விளக்கம் சொல்லுவாள். என் மயக்கமும் அந்தப் பேச்சினூடே மெல்லத் தெளிந்தது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மூன்று நாள் ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. கூரை ஒழுகும் இடத்துக்கெல்லாம் பானை வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் நெற்றி கொஞ்சம் சுட்டது. குளிருக்குப் போர்த்தியதால் வந்த சூடு என்று எண்ணிக்கொண்டேன். அவள்தான் சொன்னாள்.

"எம்மா, என் பங்கு சில்லுன்னு இருக்குது."

தொட்டுப் பார்த்தேன். பாதங்கள் ஈரக் கல்லாகக் குளிர்ந்திருந்தன. நெற்றியில் இருந்தது போர்வைச் சூடு இல்லை, உள்ளே காய்ச்சல் பிடித்திருந்தது. என் கணவர் மழையிலேயே தோணி தள்ளிக்கொண்டு போய்க் கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து மருந்து கொண்டுவந்தார். நான் அதைத் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவினேன். அவள் ஒரு பகல் முழுக்க அந்தக் கால்களைத் தன் பாவாடைக்குள் சுருட்டி வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால், "கையை எடுத்தா ஆறிடும்" என்றாள். நான் ஊட்டிவிட்டேன். மறுநாள் பொழுது விடிந்ததும் அவன் வியர்த்தான், பாலுக்கு அழுதான்.

அடுத்த மாசியில் அவன் நடந்தான். மணலில் ஏற்றிப் போட்டிருந்த தோணியைப் பிடித்து நின்றவன் கையை விட்டுவிட்டு, என்னையும் பார்க்காமல் அவளையும் பார்க்காமல், தண்ணீர் இருந்த பக்கமாக நாலு எட்டு வைத்தான். அவள் முதுகை வளைத்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள்.

"எங்க போறான்?" என்று கால்களுக்கு உரியவளைக் கேட்டேன்.

"தெரியலம்மா. வேகமாப் போறான்" என்றாள். பெருமையாகச் சொன்னாளா, கவலையோடு சொன்னாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதற்குள் இருவரும் ஈர மணலுக்குப் போய்விட்டிருந்தார்கள்.