பச்சை விளக்கை நம்பாதவள்

வியாசர்பாடி பவானிக்குப் பச்சை விளக்கைக் கண்டால் நம்பிக்கையே வராது. எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் நெட்வொர்க் வேலை பார்க்கிறவள். நெட்வொர்க் பெட்டியில் பச்சை எரிந்தால் மற்றவர்களுக்கு நிம்மதி, இவளுக்கு அப்போதுதான் சந்தேகம் தொடங்கும்.

காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் யாரோ பள்ளம் தோண்டிக் கேபிளை வெட்டிவிட, யார்டு கேட்டில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. உள்ளே விடும் சீட்டு வராமல் டிரெய்லர்கள் திருவொற்றியூர் வரைக்கும் நின்றன. அந்த வரிசையில்தான் அவள் அப்பா வரதன், சர்க்கரை நோயாளி மனுஷன், சோறு தண்ணி இல்லாமல் ஸ்டியரிங் மேலேயே மயங்கி விழுந்தார். பிழைத்ததே பெரிய விஷயம். இன்றும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார். இன்னொரு முறை அந்தக் கேட் நிற்கவே கூடாது என்று பவானி பிடிவாதமாக இருந்தாள்.

ஆபீஸ், கேட், கிரேன், எடைமேடை நான்கையும் கேபிளால் வளையமாகக் கோத்தாள். வளையம் முழுக்கத் திறந்திருந்தால் தகவல் சுற்றிச் சுற்றியே வந்து எல்லாம் முடங்கிப்போகும். அதனால் எடைமேடைக்கும் ஆபீசுக்கும் நடுவே உள்ள வழியை மட்டும் மூடி வைக்கும்படி சுவிட்ச் பெட்டிகளை அமைத்தாள். வேறெங்காவது அறுந்தால் அது தானாகத் திறந்துகொள்ள வேண்டும்.

ஆயுதபூஜை முடிந்த வாரம் மேனேஜர் நோயலிடம் போய் நின்றாள்.

"சார், மூடி வெச்ச வழி தானா தொறக்குதான்னு கேட் கேபிளைக் கழட்டிப் பாக்கணும்."

"எல்லாம் பச்சையா எரியுதேம்மா. நல்லா ஓடிக்கினு கீறதை ஏன் நோண்டுறே? கேட் நின்னா உன் வேலைதான் பூடும்."

"போனா போவட்டும் சார். அதுவா அறுந்து நிக்கிறதுக்கு, நாமளே கழட்டிப் பாத்துடலாம்."

கழற்றினாள். கேட் நின்றது. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது, நோயல் பல்லைக் கடித்தார். பவானி கேபிளை மறுபடி செருகிவிட்டுத் திரையில் தேடினாள். மூடிய வழி சரியாகத்தான் திறந்திருந்தது. ஆனால் அதில் போன தகவலெல்லாம் பாதி வழியில் சிதைந்திருந்தது. சும்மா கிடந்தவரை பச்சை காட்டிய எடைமேடைக் கேபிள், பாரம் ஏறியதும் பல்லை இளித்துவிட்டது.

எடைமேடைக்கு ஓடினாள். அங்கே பொறுப்பாளர் அப்பாவு.

"அண்ணா, பூஜைக்கு இந்தக் கேபிளைக் கழட்டினியா?"

"பின்னே? ஒரே கலீஜா இருந்துச்சு. தொட்ச்சி, முனையில கொஞ்சூண்டு சந்தனம் வெச்சி சொருவுனேன். அதுவும் ஆயுதம்தானேம்மா?"

திட்டத்தான் வாயைத் திறந்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது. தலைமுடி கனத்துக் கண்ணாடி இழையில் வெளிச்சம் போகிற இடம் அது. துடைத்து ஒப்பேற்ற மனமில்லாமல், முனையையும் அது செருகப்படும் துண்டையும் புதிதாகவே மாற்றினாள். நேராக நோயலிடம் போனாள்.

"ஒரு தபா பட்டது பத்தாதா?"

"இன்னொரு தபா சார். இப்பவே."

அவள் இடத்தைவிட்டு நகர்கிற மாதிரி தெரியவில்லை. நோயல் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் கேட்டில் சீட்டுப் போடும் ஷாலு போன் செய்தாள்.

"அக்கா, கழட்டுறதுன்னா சீக்கிரம் கழட்டுக்கா. வண்டிங்க வந்துகினே கீது, எனக்கு பயமா கீது."

கழற்றிய கேட் கேபிள் பவானியின் கையில் இருந்தது.

"கழட்டி எம்மாநேரம் ஆச்சுடி. நீ பாட்டுக்கு சீட்டுப் போட்டுகினே இரு."