ஒழுகாத பந்தல்

போன ஐப்பசியில் வாடிப்பட்டியில் என் தங்கையின் பேத்திக்குக் காதுகுத்து. திருநகரிலிருந்து நானும் மனைவியும் போயிருந்தோம். அடைமழைக் காலத்தில் வெட்டவெளியில் விசேஷம் வைக்கிறார்களே என்று எனக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

குழந்தையின் அப்பா, அதாவது என் தங்கை மகன், துணியில் தண்ணீர் இறங்காதபடி பூச்சு போடும் சிறிய பட்டறை வைத்திருக்கிறான். பால்போல வெள்ளையாக ஒரு பாலிமர் கரைசல். அதில் துணியை முக்கிப் பிழிந்து, சூடான உருளைகளில் ஓட்டி எடுப்பான். அந்தக் கரைசலே தண்ணீரில் கலந்ததுதான் என்று தெரிந்ததும் நான் சண்டைக்குப் போனேன். தண்ணீரில் கலக்கிற சரக்கு மழையில் கரையாதா? சூட்டில் இறுகிவிட்டால் மறுபடி கரையாது என்றான். நம்பாமல் ஒரு துண்டு துணியை வாங்கி வந்து, வீட்டில் பன்னிரண்டு தம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முத்து முத்தாக உருண்டு ஓடியதே தவிர, கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை.

அந்தத் துணியில்தான் பந்தல். கட்ட வந்தவர்கள் வழக்கம்போல நாலு பக்கமும் இழுத்து, மேலே தட்டையாகக் கட்டினார்கள். சாதாரணப் பந்தல் துணியை அப்படித்தான் கட்டுவார்கள். மழை வந்தால் அது பாட்டுக்கு ஒழுகிவிடும்.

முதல் பந்தி உட்கார்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நான் ஓரமாக நாற்காலி போட்டு அண்ணாந்தபடி இருந்தேன். நாற்பத்தெட்டு இலை, ஒன்றிலும் சொட்டு விழவில்லை. மருமகனைக் கூப்பிட்டுப் பாராட்டினேன். “மாமாவே பாஸ் போட்டாச்சு, இனி எவன் என்ன சொன்னா என்ன” என்று சிரித்தான்.

குழம்பு வாளியோடு வந்த தங்கை என் பக்கத்தில் நின்றாள். “என்னண்ணே, சாப்பிடாம இன்னும் சொட்டுத்தான் எண்ணிக்கிட்டு இருக்கியா?” ஒன்றுகூட இல்லை என்றேன் பெருமையாக. அவளும் அண்ணாந்தாள்.

“இம்புட்டு மழை பெய்யுதே, அம்புட்டுத் தண்ணியும் எங்கண்ணே போகுது?”

அப்போதுதான் பார்த்தேன். நடுவில் துணி சினைமாட்டு வயிறுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் அது என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. ஈரத்தைத் தேடிய என் கண்ணில் அது படவே இல்லை. அதற்கு நேர் கீழே என் மனைவி, மடியில் காது குத்திய குழந்தையை வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

மருமகனைக் கூப்பிட்டேன். மேலே கையை நீட்டினேன். மருமகன் நிமிர்ந்து பார்த்தான், முகம் செத்துப்போயிற்று. எல்லாரையும் இலையை விட்டு எழுந்து வெளியே போகச் சொல்லிக்கொண்டே ஓடிக் குழந்தையைத் தூக்கினான். “சாப்பிடுறவுங்கள எந்திரிக்கச் சொல்ற பந்திய இன்னைக்குத்தான்டா பாக்குறேன்” என்று ஒரு பெரியவர் முறைத்துக்கொண்டே எழுந்தார். மூட்டு வலிக்காரியான என் மனைவிதான் கடைசி. தங்கை அவளை இழுத்துக்கொண்டு தெருவில் கால் வைத்த நேரம், இரண்டு சவுக்குக் கம்பங்கள் மளாரென்று முறிந்தன.

துணி கிழியவில்லை. மொத்தத் தண்ணீரும் ஒரே கட்டியாக விழுந்தது. மனைவி உட்கார்ந்திருந்த மேஜை இரண்டாக உடைந்து கிடந்தது. ஒருவருக்கும் காயம் இல்லை. மழையில் நனைந்தபடி, எழுந்து வந்தவர்களைத் தலை தலையாக எண்ணினேன். நாற்பத்தெட்டும் மடிக்குழந்தையும் சரியாக இருந்தும், திரும்பத் திரும்ப எண்ணினேன்.

மருமகன் இப்போது பந்தல் துணி கொடுக்கும்போதெல்லாம், நடுவில் முகடு தூக்கிச் சரித்துக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறான். எனக்கோ, மழைச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கண் மேலே போகிறது; ஒழுகுகிறதா என்று அல்ல, ஒழுகாத தண்ணீர் யார் தலைக்கு மேலே நிற்கிறது என்று பார்க்க.