பன்னீரும் வராமல் போன ஏர்டிராப்பும்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் காலை ஏழரை மணி பஸ்ஸின் நண்பர்களே, நம் பன்னீர் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நெஞ்சுவலியாம். நம்ப முடியாமல் அவன் நம்பருக்கே போன் போட்டேன். எடுத்தது அவன் மகன்.

கிள்ளையிலிருந்து வந்து நம்மோடு ஏறி, குடிகாட்டில் இறங்கி வேலைக்குப் போகிற எலக்ட்ரீஷியன். போன வருஷம் நம் எல்லோர் போனிலும் ஒரு செயலியை ஏற்றிவிட்டதும் அவன்தான். புதிதாக ஒரு கிரிப்டோ நாணயம் வரப்போகிறது, தினமும் ஒரு தடவை பட்டனைத் தட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் இலவசமாகக் கொடுப்பார்கள், அதற்கு ஏர்டிராப் என்று பெயர் என்றான். ஆதாயம் இல்லாமல் எவன் ஆற்றைக் கட்டி இறைப்பான் என்று எனக்குச் சந்தேகம்.

"இத அவுங்க ரத்து பண்ண முடியாதா மச்சான்?" என்று கேட்டேன்.

"குடுக்கறேன்னு சொன்ன வாயி மாறுமா? பேசாம தட்டு" என்றான்.

தட்டினோம். புதுச்சத்திரத்தில் பஸ் நின்றதும் அவன் குரல் கொடுப்பான். பன்னிரண்டு பேர் ஒன்றாகத் தட்டுவோம், கண்டக்டர் உட்பட. நான் அதை நம்பி, மகளுக்கு லேப்டாப் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து, ஏர்டிராப் ரத்து என்று செயலியிலேயே அறிவிப்பு வந்தது. அன்று பஸ்ஸில் நான் பேசியதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். "ஊர ஏமாத்தி பொழைக்கறவன்" என்றுகூடச் சொன்னேன். மறுநாளிலிருந்து அவன் நம் பஸ்ஸில் வரவில்லை.

ஆனால் என் ஜன்னலோர சீட்டில் தினமும் ஒரு கர்சீப் கிடந்தது. கண்டக்டரைக் கேட்டேன்.

"பன்னீர் அண்ணன்தாங்க. பஸ் வந்ததும் ஜன்னல் வழியா போட்டுட்டு அடுத்த பஸ்சுக்குப் போயிடறாரு. ஒங்களுக்கு முட்டி வலி ஜாஸ்தியாம், நின்னுக்கிட்டு வரக் கூடாதாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் சீக்கிரமே போய், ஜன்னலுக்குள் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது, "டீ சாப்புடலாமா?"

டீக்கடையில் அவனே சொன்னான். "விதிமொறைய இப்பதான் முழுசா படிச்சேன் மச்சான். நம்ம கணக்குக்கு வந்து சேர்ந்துட்டாத்தான் நம்மளது. அதுவரைக்கும் எப்ப வேணா நிறுத்துவோம்னு மொதல்லயே எழுதியிருக்கான். நீ கேட்ட அன்னிக்கே நான் படிச்சிருக்கணும்."

அதன்பிறகு உங்கள் ஒவ்வொருவரிடமும் அவன் தனித்தனியாக வந்து மன்னிப்புக் கேட்டது எனக்குத் தெரியும். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. நானும் அவனிடம் கேட்கவில்லை. பழையபடி பக்கத்தில் உட்கார்ந்து கிண்டலடித்துக்கொண்டு போய்வந்தோம். அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

சாவு வீட்டில் அவன் மனைவி என்னைப் பார்த்ததும் சொன்னார்: "எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன், அவன்கிட்ட மட்டும் வாய் வரமாட்டேங்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாருண்ணே."

அவன் கேட்க நினைத்து வைத்திருந்த அந்த மன்னிப்புதான் இப்போது என்னிடம் இருக்கிறது. அதற்கு நான் தகுதியானவன் இல்லை.

உங்கள் எல்லோர் முன்னாலும்தான் அவனைத் திட்டினேன். உங்கள் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். என்ன மன்னிச்சிடு மச்சான்.